குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகமா? அரசு டிஇஐசி மையம் பற்றி எங்கள் அனுபவம்

பிறந்த குழந்தைக்குக் காது பரிசோதனை செய்து "ரெஃபர்" (மறுபடி பரிசோதிக்க வேண்டும்) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அடுத்து எங்கே போவது, எவ்வளவு செலவாகும் என்று தெரியாமல் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்கு இரண்டு காதிலும் கேட்புக் குறைபாடு. தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் டிஇஐசி, அதாவது மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில்தான் அவளுக்குப் பரிசோதனை, காது கேட்கும் கருவி, பேச்சுப் பயிற்சி எல்லாம் நடக்கிறது. இடையில் ஒரு தனியார் ஹியரிங் எய்ட் கடைக்கும் போனோம், அதுவும் கீழே வருகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் தயங்காமல் டிஇஐசிக்குப் போங்கள். கருவி கைக்கு வந்து சேர்கிற வேகமும் மோல்டு, அதாவது கருவியின் காதுக்குள் பொருந்துகிற பகுதி, அந்த விஷயமும்தான் சரியில்லை. எந்த மாவட்டம் என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை, குறை என்று நான் சொல்லப் போகிறவை பெரும்பாலும் அங்கே வேலை பார்ப்பவர்கள் கையில் இல்லை, அவர்களுக்கு என்னால் தொந்தரவு வரக்கூடாது.

முதலில் அந்த ரெஃபர் காகிதம். பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஃபைலுக்குள், பில்லுக்கும் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் அது கிடந்தது. ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை, வீட்டில் ஃபைலை அடுக்கும்போது என் கணவர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். ஓஏஇ என்கிற அந்தப் பரிசோதனை சில நிமிஷ வேலைதான். காதுக்குள் மெத்தென்ற ரப்பர் முனை ஒன்றை வைத்து மெல்லிய சத்தம் அனுப்புவார்கள். உள்காதில் காக்லியா என்ற பகுதியில் இருக்கும் வெளி மயிர் செல்கள் நன்றாக இருந்தால் அவை பதிலுக்கு மிக மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும், அந்த முனையிலேயே இருக்கும் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். வந்தால் பாஸ், வராவிட்டால் ரெஃபர். பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளில் காதுக்குள் நீரும் வெள்ளை மாவும் அடைத்திருப்பதால் நன்றாகக் கேட்கிற குழந்தைகளுக்கும் ரெஃபர் வருவது சகஜம். அதனால் பதறவும் வேண்டாம், "அதெல்லாம் தானா சரியாயிடும்" என்று மடித்து வைக்கவும் வேண்டாம், ஒரு மாதத்துக்குள் மறுபடி செய்துவிடுங்கள்.

பாஸ் வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓஏஇ காக்லியா வரைதான் பார்க்கும், அதைத் தாண்டி நரம்பில் கோளாறு இருந்தால் அதற்குத் தெரியாது. என்ஐசியூவில், அதாவது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்த குழந்தை, இவர்களுக்கெல்லாம் நரம்பு வழியாகச் சத்தம் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். மூளைக்காய்ச்சல் வந்து போன பிறகு, தாய்க்குக் கர்ப்பத்தில் சிஎம்வி என்ற வைரஸ் கிருமி தொற்றியிருந்தால், கேட்கிற திறன் பிறகும் குறையலாம். ஒன்பது பத்து மாதத்தில் "பாபா, மாமா" என்ற மழலையே வரவில்லையென்றால் பிறந்தபோது பாஸ் என்ற காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

சரி, மையத்துக்கு வருவோம். ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்று 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இந்த மையங்கள் இயங்குகின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், பிறவிக் காது கேளாமை அந்தத் திட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு அனுப்பி வைப்பதுதான் வழக்கமான பாதை, ஆனால் நாங்கள் யாரும் அனுப்பாமல் நேராகப் போய்த்தான் பதிந்தோம், எதுவும் கேட்கவில்லை. பைசா வாங்கவில்லை. கட்டடம் சுமார், உட்காரும் இடம் போதாது, பதிவு வரிசை காலையில் நீளமாகத்தான் இருக்கும். உள்ளே போன பிறகு நிலைமை வேறு. சுவரில் படம், தரையில் பாய், பொம்மை, ஒரே இடத்தில் குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், காது பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். ஒரு பிள்ளைக்குக் காதோடு வேறு பிரச்சினையும் இருந்தால் ஊர் ஊராக அலைய வேண்டாம்.

பெரா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பாதிப் பேர் திரும்பத் திரும்ப வர வேண்டியதாகிறது. நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன எலக்ட்ரோடு ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைத் தண்டு வரை அந்தச் சத்தம் போய்ச் சேர்கிறதா என்று அலைகளாகப் பதிவு செய்வார்கள். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முன்தினமே போனில் சொல்லிவிட்டார்கள்: தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒட்டாது; வருகிற வழியில் தூங்க விடாதீர்கள்; பசியோடு கொண்டு வாருங்கள், இங்கே வந்து பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். பஸ்ஸில் அவளைத் தூங்க விடாமல் வைத்திருந்தது பெரும்பாடு. சில இடங்களில் குழந்தைக்குத் தூக்க மருந்து சிரப் கொடுத்து உடனே செய்துவிடுகிறார்கள், இங்கே கைக்குழந்தைகளுக்கு முதலில் இயற்கைத் தூக்கத்தில்தான் முயற்சி செய்கிறார்கள். ஜெல் தேய்த்து எலக்ட்ரோடு ஒட்டும்போது விழித்துக்கொண்டு அழுதாள். ஆடியாலஜிஸ்ட் எரிச்சல் படவே இல்லை, விளக்கை அணைத்துவிட்டு "மெதுவா தூங்க வைங்கம்மா, அவசரமே இல்ல" என்று வெளியே போய் நின்றுகொண்டார். அரை இருட்டில் அவள் தூங்கும்வரை கதவைக்கூடத் தட்டவில்லை.

முடிவை அவர் சொன்ன விதத்துக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். "கடுமையான குறைபாடு" என்று ஒரு வரி எழுதி நீட்டவில்லை. அலைகளைத் திரையில் காட்டினார்: சத்தம் 80 டெசிபலில் இருக்கும்போது ஐந்தாவது அலை மேடாகத் தெரிகிறது, குறைக்கக் குறைக்க மேடு சின்னதாகி, வலது காதில் 65க்குக் கீழே போனதும் கோடு தட்டையாகிவிடுகிறது, இடது காதில் 70க்குக் கீழே. அப்போது என் மாமியார் கேட்டதைத்தான் எல்லா வீட்டிலும் கேட்பார்கள்: "கதவு சாத்துனா திரும்புறாளே, தட்டைத் தட்டுனா முழிக்கிறாளே, அப்புறம் எப்படிம்மா காது கேக்கலங்கிறீங்க?" அவர் பொறுமையாக விளக்கினார். கதவு அறைகிற சத்தம் நாம் பேசுகிற சத்தத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியது, அது இவளுக்கு எட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது 55, 60 டெசிபல்தான், அது எட்டாது. தட்டைப் பின்னால் தட்டும்போது குழந்தை நிழலைப் பார்த்தும் திரும்பும், தரையில் அதிர்வு பட்டும் திரும்பும். அப்புறம் பேச்சில் "ஆ, ஓ" போன்ற ஒலிகள் கனமானவை, "ச, ஸ, ஃப" போன்றவை மெல்லியவை, குறைபாடுள்ள குழந்தைக்கு முதலில் தொலைவது இந்த மெல்லியவைதான். இதைக் கேட்ட பிறகுதான் மாமியார் வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதை நிறுத்தினார். காதில் எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டி முடித்துக் காதில் ஊதுவதும் கூடாது என்று ஆடியாலஜிஸ்ட் அதே கையோடு சொல்லிவிட்டார், வீட்டுப் பெரியவர்கள் முன்னால் டாக்டர் இடத்தில் ஒருவர் சொன்னதால் அது எடுபட்டது.

"சொந்தத்துல கல்யாணமா?" என்றும் கேட்டார்கள். எங்களுக்கு ஆமாம். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த பெற்றோரின் குழந்தைகளுக்குப் பரம்பரைக் கேட்புக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுதல், ஜிஜேபி2 என்ற மரபணு இதில் முக்கியமானது. ஆனால் அதைக் கேட்ட குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை, அடுத்த குழந்தை பற்றி யோசித்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார். வேறொரு கிளினிக்கில் இதே கேள்வியை என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்கள். பக்கத்தில் என் கணவரும்தான் உட்கார்ந்திருந்தார்.

இனி கருவி. இங்கேதான் முதல் குறை. அரசு மூலமாக இலவசக் கருவி உண்டு, எங்களுக்கு இரண்டு காதுக்கும் கிடைத்தது, ஆனால் விண்ணப்பம், சான்று, ஒப்புதல் என்று இழுத்துக்கொண்டே போனது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி பின்னால் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட நன்றாக இருந்ததைக் காட்டியது. அப்படியிருக்க, கண்டுபிடித்த பிறகு கையெழுத்துக்காகக் குழந்தை காத்திருக்க வேண்டும் என்பது மனசுக்கு ஆறவே இல்லை. மருத்துவமனையில் ஆள் இருக்கிறார், இயந்திரம் இருக்கிறது, கருவி மட்டும் இன்னொரு துறையின் கிடங்கில் இருக்கிறது. இதை யாராவது சரி செய்ய வேண்டும்.

காத்திருக்க முடியாமல்தான் தனியார் கடைக்குப் போனோம். ஏசி அறை, காபி, நல்ல மரியாதை. உட்கார்ந்த உடனே எத்தனை சேனல், புளூடூத் உண்டா, வெளியே தெரியாத சின்ன மாடல் என்று ஆரம்பித்துவிட்டார்கள், விலை ஒரு காதுக்கே முக்கால் லட்சத்துக்கு மேல். கைக்குழந்தைக்குக் காதுக்குள் வைக்கும் சின்ன மாடல் ஒத்தே வராது, காது மாதாமாதம் வளர்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டி, மெத்தென்ற சிலிகான் மோல்டு வழியாகச் சத்தம் போகிற பிடிஇ வகைதான் சரி, மோல்டை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ஆனால் எங்களுக்கு உறுத்தியது அது இல்லை. குழந்தையின் காதுத் துளை மிகச் சின்னது, பெரியவர் காதில் சாதாரணமாக இருக்கும் அதே ஒலி அதற்குள் போனால் பல டெசிபல் கூடிவிடும், அதனால் அந்தந்தக் குழந்தை காதில் மெல்லிய குழாய் வைத்து அளந்துதான் கருவியைச் செட் செய்ய வேண்டும். கடையில் அப்படி எதுவும் செய்யவில்லை. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைக் கணினியில் தட்டி, அது சொன்ன அளவை ஏற்றி, மாட்டிவிட்டு, கை தட்டிப் பார்த்துவிட்டு "பாருங்க சார், திரும்புறா" என்றார்கள். டிஇஐசி ஆடியாலஜிஸ்டோ, குழந்தைகளுக்கென்றே கனடாவில் உருவாக்கிய டிஎஸ்எல் என்ற கணக்குப்படி மெல்லிய பேச்சு, நடுத்தரப் பேச்சு, பலத்த சத்தம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்த்தார், பலத்த சத்தம் குழந்தையை வருத்தாதபடி மேல் எல்லையும் வைத்தார். நீங்கள் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: குழந்தை காதில் அளந்து செட் செய்வீர்களா? முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள், எத்தனை சேனல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மோல்டு. இதுதான் பெரிய குறை, இரண்டு நட்சத்திரம்தான். எடுக்கிற விதம் அருமை: நூல் கட்டிய பஞ்சுத் துணுக்கை முதலில் காதுக்குள் வைத்து, குழைத்த பேஸ்ட்டை ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து மெதுவாக நிரப்புகிறார்கள், கெட்டியானதும் காதுமடலின் ஒவ்வொரு மடிப்பும் பதிந்து அப்படியே கழன்று வருகிறது. ஆனால் அந்த அச்சு வேறு ஊர் லேபுக்கு கூரியரில் போய்த் திரும்ப வேண்டும். முதல் வயதில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மோல்டு தளர்ந்துவிடும், தளர்ந்தால் வெளியே கசிகிற சத்தம் மைக்கில் திரும்பப் போய் "கூய்ய்" என்று விசில் அடிக்கும். புது மோல்டு வரும்வரை சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கிறது, அந்த நாட்களில் குழந்தை பாதிதான் கேட்கிறது. பால் குடிக்கும்போது மட்டும் விசில் வந்தால் அதுதான் தளர்வின் ஆரம்பம், அப்போதே போய் அடுத்த அச்சைக் கொடுத்துவிடுங்கள், முழுசாகத் தளரும்வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுப் பராமரிப்பை மையத்தில் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பேட்டரியின் ஸ்டிக்கரை எடுத்ததும் உடனே மூடாமல் ஒரு நிமிஷம் காற்றுப் பட வைக்க வேண்டும், அது காற்றால் உயிர் பெறும் துத்தநாக வகை. எங்களுடையது 13 எண், ஆரஞ்சு ஸ்டிக்கர். பேட்டரிக் கதவுக்குக் குழந்தைப் பூட்டு உள்ள மாடல்தானா என்று பாருங்கள், விழுங்கினால் ஆபத்து. நம் ஊர் வியர்வைக்கு சிலிகா ஜெல் டப்பா இல்லாமல் முடியாது, இரவு கழற்றியதும் அதற்குள் போட்டுவிட வேண்டும், நீல மணிகள் ரோஸ் நிறமானால் வேலை முடிந்தது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெயைக் காது ஓரம் வரை வழிய விடாதீர்கள், மைக் துளை அடைத்துக்கொள்ளும். குழந்தை பிடுங்கி எறிந்தாலும் தொலையாமல் இருக்கக் கிளிப் வைத்த கயிறு. கருவியை நாமே கேட்டுப் பார்க்க ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு குழாய் கொடுக்கிறார்கள், தினமும் மாட்டும் முன் அதில் கேளுங்கள், குழந்தையால் "சரியா கேக்கலம்மா" என்று சொல்ல முடியாது.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிறேன், இதற்காக மட்டுமே அந்த மையத்தை யாருக்கும் சொல்வேன். அங்கே பயிற்சி குழந்தைக்கு இல்லை, எனக்கு. வாரத்தில் ஒருமுறை வந்து போகும் குழந்தைக்குப் பயிற்சியாளர் என்ன கற்றுத் தந்துவிட முடியும், மீதி நாளெல்லாம் வீட்டில்தானே இருக்கிறாள். தினமும் காலையில் கருவி மாட்டியதும் ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சின் கனமான ஒலியிலிருந்து மெல்லிய ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும், லிங் ஒலிகள் என்பார்கள். வாயசைவு தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, இடையில் நேரம் விட்டுச் சொல்ல வேண்டும். நேற்று "ஷ்"ஷுக்குத் திரும்பியவள் இன்று திரும்பவில்லையென்றால் பேட்டரியோ, மோல்டில் அழுக்கோ, சளி பிடித்து நடுக்காதில் நீரோ. ஒருமுறை அப்படித்தான் சளியைக் கண்டுபிடித்தோம், காய்ச்சல் கூட இல்லை.

குக்கர் விசில் வந்தால் அடுப்புப் பக்கம் ஓடாமல் முதலில் காதைத் தொட்டு "கேட்டியா?" என்று முகம் மலரக் கேட்கச் சொன்னார்கள். கீரைக்கார அம்மா தெருமுனையில் கூப்பிடும்போதும் அதே. டிவி ஓடும் அறையில் பேசிப் பயனில்லை, சீரியல் நேரத்தில் கருவி போட்டிருந்தும் அவளுக்கு ஒன்றும் புரியாது, ஒரு மீட்டருக்குள் வந்து பேசுங்கள் என்று மாமியாரிடமும் நேரில் சொன்னார்கள். கணவர் ஒருதடவையாவது வந்தே ஆக வேண்டும் என்று பயிற்சியாளர் மேடம் பிடிவாதம் பிடித்தார், வந்த பிறகு அவரைத்தான் தரையில் உட்கார வைத்துப் பந்து உருட்டச் சொன்னார். இப்போது என் மகள் "பா" என்று அவரைத் தேடுகிறாள். மெல்லிய "ஸ்" இன்னும் வாயில் வரவில்லை, ஆனால் கேட்டதும் திரும்புகிறாள்.

குறையென்று இதில் சொல்வதானால், சைகை மொழி பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கருவியால் போதிய பலன் கிடைக்காத குழந்தைகளும் வரிசையில் இருந்தார்கள், இந்திய சைகை மொழி என்று ஒன்று முழுமையாக இருக்கிறது, அந்தக் குழந்தைகள் மொழியே இல்லாமல் காத்திருக்கக் கூடாது. அதைக் கற்றால் பேச்சு வராது என்ற பயத்தை வைத்துக்கொண்டு பெற்றோரைத் தடுப்பது சரியில்லை என்பது என் கருத்து.

காக்லியர் இம்பிளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து காக்லியாவுக்குள் கருவி பொருத்துவது, எங்கள் மகளுக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்றார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆறு வயது என்பதை அவகாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வயதை ஒட்டிச் செய்வதற்கும் ஐந்து வயதில் செய்வதற்கும் பேச்சில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலில் சில மாதம் கருவி போட்டுப் பார்ப்பார்கள், காக்லியாவும் நரம்பும் உள்ளனவா என்று சிடி, எம்ஆர்ஐ எடுப்பார்கள், மூளைக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் நிமோகாக்கல் தடுப்பூசியும் போட வேண்டும். அங்கே சந்தித்த ஒரு தாய் சொன்னது: அறுவை சிகிச்சை இலவசமாக முடிந்தது, வெளியே மாட்டும் பிராசசரின் வயரும் காயிலும் பழுதாகும்போதுதான் கையைக் கடிக்கிறது. வாரன்ட்டி எத்தனை வருஷம், உதிரி பாகம் என்ன விலை என்று ஆபரேஷனுக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு 1969இலிருந்து நடக்கும் பால வித்யாலயா பள்ளியும், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனமும் இருக்கின்றன. எங்களுக்குத் தூரம், நான் போனதில்லை.

போகிறவர்கள் பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, ஓஏஇ காகிதம், தடுப்பூசி அட்டை, பெற்றோர் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, போட்டோ, ரேஷன் கார்டு நகல் எடுத்துப் போங்கள். எல்லா மாவட்டத்திலும் ஆடியாலஜிஸ்ட் தினமும் இருப்பார் என்று சொல்ல முடியாது, கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்து எந்தக் கிழமை என்று கேட்டுவிடுங்கள். பெராவுக்கு என்றால் முதல் ஆளாகப் போய் டோக்கன் வாங்குங்கள், மதியத்துக்கு மேல் குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு யார் பிள்ளையும் தூங்காது.